அப்பாவின் தாடையும் பன்னிரண்டு கம்பிகளும்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து கிடாருக்குக் கம்பி மாற்றினேன். சாதாரணக் கிடார் என்றால் ஆறு கம்பிதான், ஊற்றி வைத்த காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். என்னுடையது பன்னிரண்டு கம்பி எலெக்ட்ரிக் கிடார். தடித்த கம்பிக்குப் பக்கத்தில் மெல்லிய கம்பியாக, எல்லாமே ஜோடி ஜோடி. மாற்றி முடிப்பதற்குள் இடுப்பு கழன்றுவிடும். அப்புறம் விரல் நுனியில் ஓர் இரும்பு வாசனை நிற்கும், சோப்புப் போட்டாலும் போகாது. சமையலறையில் நின்று விரலை மோந்துகொண்டிருந்த என்னைப் பார்த்து என் வீட்டுக்காரர், "என்ன, மீன் ஏதும் கழுவினியா?" என்றார். அது நான் வளர்ந்த தேஹு ரோடு குவார்ட்டர்ஸின் வாசனை என்று அவருக்கு எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்கிறேன், கேளுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. லக்ஷ்மி ரோடு பக்கம் ஒரு கடையில் இதைத் தொங்கவிட்டிருந்தார்கள். கடைக்காரர் என் முகத்தையும் செருப்பையும் பார்த்துவிட்டு, "தாயி, ஸ்வஸ்த் ஆணி மஸ்த்" என்றார். 'அக்கா, மலிவு, ஜோர்' என்று மராத்தியில் அர்த்தம். அதில் முதல் பாதி சத்தியமான உண்மை. வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கி, லோக்கல் ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஆனால் சத்தத்தைப் பெரிதாக்கும் ஆம்ப் வாங்கவில்லை. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசித்த கதைதான். ஆம்ப் இல்லாத எலெக்ட்ரிக் கிடார் எப்படி இருக்கும் தெரியுமா? பக்கத்து அறையில் கொசு பாடுகிற மாதிரி இருக்கும்.

அந்தக் கொசுவையும் அம்மாவால் பொறுக்க முடியவில்லை. "டியூட்டி விட்டு வந்து நாலு சப்பாத்தி இடுவான்னு பாத்தா, கம்பியத் தட்டிக்கிட்டு இருக்கா" என்று கேட்கிற மாதிரியே முணுமுணுப்பாள். அப்பாதான் ஆச்சரியம். நான் வாசிக்க, எதிரிலேயே உட்கார்ந்து பேப்பர் படிப்பார். நல்லா இருக்கு, நல்லா இல்லை, ஒன்றும் கிடையாது. கேட்காமல் வாங்கிய கோபம் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் கோபத்துக்கு மௌனம்தான் முதல் படி.

அப்பா ராணுவ டெப்போவில் வேலை பார்த்தார். ஆனால் எங்கள் குவார்ட்டர்ஸ் லைனில் அவருக்கு மரியாதை வேறு காரணத்துக்காக. சனிக்கிழமை தோறும் ஒவ்வொரு தமிழ் வீடாக மாறி மாறி நடக்கும் பஜனையில் முன்னால் பாடுகிறவர் அவர்தான். அவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பின்னால் பாடுவார்கள். கொஞ்ச நாளாக அவர் சுருதி விலகத் தொடங்கியது. ஹார்மோனியம் வாசிக்கும் கண்ணன் அங்கிள் கட்டையை அழுத்தி அழுத்திக் காட்டியும் அப்பா தன் வழியில் போனார். ஒரு சனிக்கிழமை பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அதற்கப்புறம் அப்பா பஜனைக்குப் போகவில்லை. "தொண்டை சரியில்ல" என்றார். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் சட்டையை மாட்டிக்கொண்டு, போகவும் செய்யாமல் கழற்றவும் செய்யாமல் உட்கார்ந்திருப்பார்.

ஒரு நாள் கம்பி மாற்ற அவரைத் துணைக்குக் கூப்பிட்டேன். மலிவுக் கிடார், முறுக்காணி எல்லாம் தலையில் இருப்பதால் தலை கனத்து முன்னால் சாயும். அப்பா அதைத் தாடைக்கு அடியில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் முறுக்கினார். நான் சரிபார்க்கக் கம்பியைத் தட்டினேன். அப்பா தூக்கிவாரிப் போட்டவர்போல் நிமிர்ந்தார்.

"இப்ப எப்படி ஆவாஸ் வந்துச்சு?"

"எப்பவும் வர்ற சத்தம்தாம்ப்பா."

"இல்லம்மா. நீ தினம் சும்மா விரல ஆட்றேன்னு நெனச்சேன்."

மறுபடி தாடையை வைத்தார், மறுபடி தட்டினேன். எடுத்தால் இல்லை, வைத்தால் இருக்கிறது. சின்ன வயதில் காதில் சீழ் வந்த கதையெல்லாம் அன்றுதான் சொன்னார். காதில் நுழையாதது எலும்பு வழியாகப் போயிற்று. டாக்டரிடம் போகலாம் என்றால், "காதுல மெஷின மாட்டிக்கிட்டு நின்னா பெஹரா, செவிடன்னு பேர் வெப்பானுங்க" என்று ஒரே பிடிவாதம்.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் இருவரும் கிடாரோடு போய் இறங்கினோம். பன்னிரண்டு கம்பியையும் அப்பாவின் சுருதிக்கு, தம்புரா மாதிரி ச-ப-ச என்று இறக்கி வைத்திருந்தேன். கண்ணன் அங்கிள் வயரைத் தேடினார். "கரெண்டே இல்லாம என்னம்மா கிடார்?" அப்பா என் இடப்பக்கம் ஒட்டி உட்கார்ந்து, கிடாரின் தலையில் தாடையைச் சாய்த்து, கண்ணை மூடிப் பாடினார். சுருதி ஓர் இழை விலகவில்லை. நான் தட்டியது கூடத்தில் யாருக்கும் கேட்கவில்லை, எங்கள் இரண்டு பேருக்கும்தான் கேட்டது. அப்பாவின் குரல் கம்பி வழியாக என் விரலுக்குத் திரும்பி வந்தது. மகள் மேல் செல்லம், தலை சாய்த்துப் பாடுகிறார் என்று ஊர் நினைத்தது. அப்பாவும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

என் கல்யாணம் நிச்சயமாகி, புகுந்த வீட்டுக்குச் சாங்விக்குப் போவது முடிவான வாரம் அப்பா தானாகவே வந்தார். "டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கும்மா. நீ போயிட்டா எனக்கு யாரு சுருதி குடுப்பா?" குக்கரைப் பார்க்கும் சாக்கில் நான் உள்ளே ஓடிவிட்டேன்.

மெஷின் வந்த முதல் நாள் எதிரில் உட்கார்ந்து கேட்டார். "இவ்ளோ கிணுகிணுன்னா இருக்கும் இது? அந்தச் சின்ன தார் ஒண்ணு எறங்கியிருக்கு பாரு" என்றார். அந்த மெல்லிய கம்பி இறங்கித்தான் இருந்தது. அந்தச் சனிக்கிழமை பழக்கதோஷத்தில் நான் கிடாரைத் தூக்கிக்கொண்டு போனேன். அப்பா கண்ணன் அங்கிள் பக்கத்தில் போய் உட்கார்ந்து பிரமாதமாகப் பாடினார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். கிடார் உறையை விட்டு வெளியே வரவில்லை.

அப்பா ரிடையரானதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். பஜனைக்காரர்கள் ஆளுக்கொரு மூலை. யார் வீட்டிலும் சனிக்கிழமை பாய் விரிப்பதில்லை, வாட்ஸ்அப்பில் பாட்டு அனுப்பிக்கொள்கிறார்கள். அப்பா இப்போது விஷ்ராந்த்வாடியில் அண்ணனோடு இருக்கிறார். போனில் நான் பெருமூச்சு விட்டால்கூட, "என்னம்மா?" என்கிறார். நல்ல மெஷின்.

போன மாதம் கிடாரோடு போயிருந்தேன். மெஷினில் சார்ஜ் இல்லை என்று கழற்றினார். நான் சட்டென்று சோபாவில் வலப்பக்கம் நகர்ந்து இடம் விட்டேன். கிடாரைக்கூடத் தூக்கிப் பிடித்துவிட்டேன். அப்பா எழுந்து சார்ஜரைச் செருகிவிட்டு எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"இரும்மா, அரை மணியில ஏறிடும். அப்புறம் வாசி."