டென்னிஸ் ஓல்ராய்டின் ஒற்றை ஓட்டு

டென்னிஸ் ஓல்ராய்ட் பகலில் ஸ்கெல்பி நகரப் பேருந்துப் பணிமனையில் பிரேக் பழுதுபார்ப்பவர். செவ்வாய் மாலையிலும் மாதத்தில் இரண்டு சனி ஞாயிறிலும் ராணுவத்தின் பகுதிநேரப் படையில் சார்ஜென்ட் மேஜர். பத்தொன்பது வயதில் சேர்ந்தவர், ஐம்பதைத் தொட்டும் விடவில்லை. கல்யாண நாளன்று எத்தனை வருஷம் வீட்டில் இருந்தார் என்று கேட்டால், அவர் மனைவி மேவிஸ் இரண்டு விரலை மடக்கிவிட்டு நிறுத்திவிடுவாள். கோடைக்காலத்து இரண்டு வார முகாம் சரியாக அந்தத் தேதியில்தான் வந்து உட்காரும். அக்கம்பக்கத்தார் ஸ்பெயின் கடற்கரைக்குப் போகும்போது இவர் மலைமேட்டு மழையில் குழி தோண்டிவிட்டு, சேற்றைக் காலுறையோடு வீட்டுக்குக் கொண்டுவருவார். துவைப்பவள் அவள்.

"படையை விட்டுத் தொலையேன், டென்னிஸ்."

"அடுத்த வருஷம்" என்பார். முப்பது வருஷமாக அதே பதில்.

அதோடு போகாமல் அரசியலும் வந்து சேர்ந்தது. படை வாடகைக்கு இருந்த பயிற்சிக் கூடம் நகர மன்றத்துக்குச் சொந்தம். அதை விற்றுக் கார் நிறுத்துமிடம் ஆக்கப் பேச்சுக் கிளம்பியது. கூடம் போனால் ஸ்கெல்பிப் படையைக் கலைத்துவிடுவார்கள். தடுப்பதற்காக டென்னிஸ் தேர்தலில் நின்றார், தோற்றார், மறுபடி நின்று பதினோரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். மன்றம் கூடும் வியாழக்கிழமைகளும் மேவிஸுக்குப் போயின.

விற்பனை விவாதத்துக்கு வந்த அன்று மன்றச் செயலர் பிக்கர்ஸ் தொண்டையைச் செருமினார்.

"கவுன்சிலர் ஓல்ராய்ட், நீங்க அந்தப் படையில சம்பளம் வாங்குறவர். இதுல உங்களுக்குச் சொந்த ஆதாயம் இருக்கு. பேசவும் கூடாது, ஓட்டுப் போடவும் கூடாது. கொஞ்சம் வெளியில இருங்க."

"இதுக்காகத்தானய்யா நான் ஜெயிச்சு வந்ததே!"

"விதி அப்படிங்க. படையில இல்லாதவரா இருந்தா தாராளமாப் போடலாம்."

அவர் நடைவழியில் குடைகளுக்குப் பக்கத்தில் நின்றார். உள்ளே மிச்சம் பதினான்கு பேர். ஏழுக்கு ஏழு. முடிவு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போயிற்று. அப்போதும் சமமானால் மேயர் தனக்குள்ள கூடுதல் ஓட்டைப் போட்டு விற்றுவிடுவார்.

மறுநாள் மேவிஸ் ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் பரிமாறும்போது டென்னிஸ் மெதுவாகச் சொன்னார். "படையை விட்டுட்டேன். கடிதம் கொடுத்தாச்சு. இனி ஓட்டுப் போடலாம்."

கரண்டி பாத்திரத்துக்குள் விழுந்தது.

"முப்பது வருஷம் கெஞ்சினேன். எனக்காக விடல. இப்ப ஒழுகுற ஒரு கட்டடத்துக்காக விட்டியா?"

"கட்டடத்துக்காக இல்ல. படையில இருக்குற பசங்களுக்காக."

"அந்தப் பசங்களோட இனி நீ நிக்க முடியாதே, மடையா!"

"அவங்க நிப்பாங்கல்ல."

அவள் கரண்டியை எடுத்து அவர் தட்டில் உருளைக்கிழங்கை அள்ளிப் போட்டாள்.

அடுத்த மாதம் எட்டுக்கு ஏழு. கூடம் தப்பியது. வீட்டுக்கு வந்தவர் முகத்தில் ஜெயித்த களையே இல்லை.

"இப்ப என்ன?" என்றாள் மேவிஸ்.

"தீர்மானத்துல ஒரு வரி சேத்துட்டாங்க. வருஷா வருஷம் இதை மறுபடி ஓட்டுக்கு விடணுமாம்."

"வர்ற மே மாசம் உனக்குத் தேர்தல்."

"ஆமா."

"மறுபடி நிக்கப் போற."

டென்னிஸ் குனிந்து, தேவைக்கு மேல் நேரம் எடுத்துச் ஷூக் கயிற்றை அவிழ்த்தார்.

"வீடு வீடா நீயே ஏறி இறங்கு. நான் ஒரு கதவையும் தட்டமாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குப் போனாள். தேநீர்க் கெண்டியை அடுப்பில் வைக்கும் சத்தம் கேட்டது; பின்னாலேயே அவள் குரல்.

"தட்டினாலும் இந்தத் தெரு மட்டும்தான்!"