மாடி ஏறாத சாமான்கள்

வீடு மாற்றிக் கொடுக்கும் தொழிலில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவருக்குச் 'சாய்ச்சுப்பிடி' என்பதே பெயராகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. மாடிப்படி திரும்பும் இடத்திலெல்லாம் அவர் போடும் சத்தம் அது. "சாய்ச்சுப் பிடி! இன்னும் சாய்ச்சுப் பிடி!"

அந்த நகரத்தில் கட்டடங்கள் உயர உயர, படிகள் ஒடுங்கிக்கொண்டே போயின. லிஃப்டில் 'நால்வர் மட்டும்' என்று எழுதியிருக்கும். அந்த நால்வரும் ஒருவருக்கொருவர் மனஸ்தாபம் இல்லாதவர்களாக இருந்தால் போகலாம். பழைய வீட்டை விட்டுவிட்டு ஐந்தாம் மாடிக்குக் குடிவருகிறவர்கள், யானை மாதிரி ஒரு கட்டிலை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து நிற்பார்கள். சாய்ச்சுப்பிடி கட்டிலைப் பார்ப்பார், படியைப் பார்ப்பார், துண்டை உதறித் தோளில் போடுவார்.

"ஏறாதுங்க."

விற்க அவர்களுக்கு மனம் வராது. தெருவில் போட்டுவிட்டு நடக்கக் கால் வராது. கடைசியில், "நீங்களே கொண்டுபோங்க தம்பி. ஆனா வித்துடாதீங்க" என்பார்கள். அவரும் தலையாட்டிவிடுவார்.

அவர் குடியிருந்தது முன்பு காகிதக் கட்டுகள் அடுக்கியிருந்த கிடங்கு. கதவு கிடையாது, லாரியே நுழையும் அளவுக்கு ஒரு ஷட்டர். ஊரில் எந்த வீட்டிலும் நுழையாத சாமான் அங்கே மட்டும் ஒய்யாரமாக நுழையும். புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டே பேர். அவர்களுக்குப் பன்னிரண்டு பேர் உட்காரும் சாப்பாட்டு மேசை. முக்காலி போட்டு ஏறவேண்டிய கட்டில். ஓர் ஆளுயரக் கடிகாரம். அது மூன்று மணிக்கு ஏழு அடிக்கும்.

மனைவி சட்டைக் கம்பெனியில் காலர் தைப்பவர். "அங்க ஒரு நூல் பிசகினா திருப்பி அனுப்பிடுறாங்க. இங்க ஒண்ணோட ஒண்ணு சேருற மாதிரி ஒரு சாமான் இருக்கா? உப்பு வேணும்னா எந்திரிச்சு நடந்து போக வேண்டியிருக்கு!"

"பக்கத்துல வந்து உக்காரேன்."

"கோவமா இருக்கேன்ல?"

இந்த லட்சணத்தில்தான் நர்ஸம்மாவின் அலமாரி வந்து சேர்ந்தது. மூன்று கதவு, நடுக்கதவில் தலை முதல் கால்வரை கண்ணாடி. ஓய்வுபெற்ற தலைமை நர்ஸான அந்த அம்மாள் ஐந்தாம் மாடிக்குக் குடிபோனார், அலமாரி போகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஷட்டரைத் தட்டினார். கையில் ஒரு துணி, ஒரு எண்ணெய்க் குப்பி.

"அலமாரி சௌக்கியமா தம்பி?"

கீல்களுக்கு எண்ணெய் விட்டார். கண்ணாடியைத் துடைத்தார். திறந்து பார்த்தால், உள்ளே வீட்டுக்காரியின் துணிகள் மூட்டையாகக் கிடந்தன. உச்சுக்கொட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு மாதிரி அத்தனையையும் மூலை பிசகாமல் மடித்து அடுக்கினார். பிறகு கண்ணாடி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்தார். பதினொரு மணிக்குக் கிளம்பினார். அடுத்த வாரமும் அதே மாதிரி. நான்காவது வாரம், தன் கட்டடத்திலேயே குடியிருந்த கடிகாரத்துக்காரரையும் சாவி கொடுக்கக் கையோடு கூட்டிவந்தார்.

மனைவி வெடித்துவிட்டார். "இது வீடா, இல்ல ஆஸ்பத்திரியில நோயாளி பாக்குற நேரமா? என் துணியை இன்னொருத்தி மடிக்கிறா! இனிமே வர வேணாம்னு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

பீரோவை முதுகில் கட்டி ஐந்து மாடி ஏறுகிற மனிதருக்கு இந்த ஒரு வார்த்தையைத் தூக்க முடியவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் மனைவியே கிளம்பினார். சண்டை முற்றினால் விலக்கிவிடலாம் என்று சாய்ச்சுப்பிடியும் இரண்டு படி பின்னால் ஏறினார்.

நர்ஸம்மாவின் கதவு பாதிதான் திறந்தது. மீதிப் பாதிக்குக் கட்டில் இடித்தது. அந்த வீட்டில் எல்லாமே மடக்கு. மேசையை விரிக்க வேண்டுமானால் கட்டிலை மடக்க வேண்டும். நாற்காலியை விரித்தால் அடுப்படிக்குப் போக முடியாது. மனைவிக்கு நாற்காலி கிடைத்தது, நர்ஸம்மா கட்டிலில் உட்கார்ந்தார், சாய்ச்சுப்பிடி வாசற்படியிலேயே நின்றுகொண்டார். துணிமணியெல்லாம் கட்டிலுக்கு அடியில் பெட்டிகளில் இருந்தது. சுவரில் ஆணியடித்து உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடி.

மனைவி எழுந்து அதில் எட்டிப் பார்த்தார். "இதுல என்னம்மா தெரியும்?"

"ஒரு நேரத்துக்கு ஒரு கண்ணு தெரியும். முழுசா நான் எப்படி இருக்கேன்னு பாக்கணும்னா ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்குத்தான் வரணும்."

மனைவி இன்னொரு தடவை அந்தக் கண்ணாடியில் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"வாங்க. ஆனா என் துணியைத் தொடக் கூடாது."

"கலைஞ்சு கிடக்கேம்மா!"

"கிடக்கட்டும். அது என் கலைசல்."

"சரி" என்றார் நர்ஸம்மா, கசப்பு மருந்தை விழுங்கிய முகத்தோடு.

படியிறங்கும்போது சாய்ச்சுப்பிடி மெதுவாகக் கேட்டார். "சொல்ல வந்ததைச் சொல்லிட்டியா?"

"பாதி சொன்னேன். மீதியை வேணும்னா நீங்க போய்ச் சொல்லுங்க." அவர் போகவில்லை.

மனைவி அதோடு விடவில்லை. அவரவர் சாமானை அவரவரே துடைக்க வேண்டும் என்று சட்டம் போட்டார். விஷயம் பரவி, கட்டிலின் சொந்தக்காரரும் வந்தார். துடைத்து முடித்ததும், ஒரு அரை மணி படுத்துப் பார்க்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். காலைக் கழுவிவிட்டு வந்தால் படுக்கலாம் என்று உத்தரவானது. மேசையின் குடும்பம் பதினொரு பேர். அவர்கள் மாடி வீட்டில் மூன்று பந்தியாகச் சாப்பிடுகிறவர்கள். மாதத்தில் ஒரு நாளாவது சேர்ந்து உட்காரலாமே என்று பாத்திரங்களோடு வந்துவிட்டார்கள். வீட்டுக்காரிக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். அவரும் யாருடைய மருமகளுக்கு என்ன குறை என்று கேட்டபடி நடுவில் உட்கார்ந்துவிட்டார்.

சாய்ச்சுப்பிடிக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை கால் நீட்ட இடமில்லாமல் போனது. வெளியே நின்ற தன் வண்டியில் துண்டை விரித்துப் படுத்தார். கண் செருகும் நேரத்தில் ஷட்டருக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது.

"என்னங்க, உள்ள வாங்க. கட்டில்காரர் தூங்கிட்டாரு, எழுப்ப எனக்குச் சங்கடமா இருக்கு."

"எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, அவர் மறுபக்கம் திரும்பிப் படுத்தார்.