எதிர்வரிசையிலிருந்து வந்த குரல்

போன வருடம் ஐப்பசி மழையில் நான் ஜெபிக்க முடியாதவளாகிப் போனேன். உங்கள் முன்னால் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இறையியல் படிக்கப் போனவளுக்கு வந்த வியாதி அது. மலையகத்து மஹய்யாவையில் பிறந்து வளர்ந்தவள் நான். குண்டசாலைக்கு அப்பால் ஒரு மலைச்சரிவில், பத்துப் பதினைந்து பேர் ஒன்றாகச் சமைத்து ஒன்றாகப் படிக்கும் வீட்டில் இருந்தேன். கடவுளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினேன். கண்ணை மூடினால் எதிரே ஒருவரும் இல்லை.

என் அறைத்தோழி ஜெயந்தி, யாழ்ப்பாணத்துக்காரி. அவளிடம் மட்டும் இதைச் சொன்னேன்.

"எனக்கும் அப்பிடித்தானடி. படிப்பை விட்டிட்டு வீட்ட போகப்போறன்" என்றாள்.

அந்த வாரம் நீண்ட விடுமுறை. ஊருக்குப் போகிறவர்கள் சாப்பாட்டு மேசையில் தங்கள் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவது எங்கள் வழக்கம். அதைப் பார்த்துத்தான் அரிசி போடுவோம். காலையில் நான் எழுந்தபோது ஜெயந்தியின் தட்டும் கவிழ்ந்திருந்தது. சொல்லாமல் போய்விட்டாளே என்று கோபம் வந்தது. போனும் எடுக்கவில்லை. பஸ்ஸில் தூங்குகிறாளாக்கும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டில் மிஞ்சியது நானும் சமையலுக்குப் பொறுப்பான செல்வியக்காவும்தான். அக்காவுக்குக் காய்ச்சல். பகல் முழுவதும் கொட்டிய மழை பின்னேரம் விட்டது. மூடுபனி இறங்கி ஜன்னலோடு ஒட்டி நின்றது. மணியடித்துவிட்டு ஜெப அறைக்குத் தனியாகப் போனேன்.

எங்கள் ஜெபத்துக்கு எதிரெதிரே இரண்டு வரிசையாகக் கதிரைகளில் உட்காருவோம். வேதாகமத்துச் சங்கீதத்தில் ஒரு வரியை ஒரு வரிசை சொல்லும், அடுத்ததை எதிர்வரிசை சொல்லும். ஒருவரே இருந்தாலும் எதிர்வரிசையின் வரியை அவர் சொல்லக்கூடாது. அந்த நேரம் மௌனமாக இருக்க வேண்டும். எங்கேயோ ஒரு சபை அதைச் சொல்லும் என்பார்கள். எனக்கு அது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது.

"ஆண்டவரே, எதிரே யாராவது இருந்தால் இன்றைக்குக் காட்டும். இல்லாவிட்டால் நானும் பெட்டியைக் கட்டுகிறேன்" என்று அழுதேன். பிறகு என் வரியைச் சொல்லி நிறுத்தினேன்.

அடுத்த வரி வந்தது.

மெல்லிய குரல். வெறும் கதிரைகள் கிடந்த பக்கம், தரைக்குக் கீழேயிருந்து. பிரமை என்று நினைத்து அடுத்ததைச் சொன்னேன். நாக்குக் குழறியது. மறுபடியும் அதற்குரிய வரி, தப்பில்லாமல், கீழேயிருந்து வந்தது. கேட்ட அடையாளம் கிடைத்தது என்று சந்தோஷப்பட வேண்டியவள், கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன்.

செல்வியக்கா போர்வையோடு எழுந்து வந்தார். "போகாதடி. மண் சரிஞ்சு செத்தவங்க இந்த மலையில நிறைய. பனியில கூப்பிடுவாங்கன்னு சொல்லுவாங்க."

"கூப்பிடலக்கா. நான் நிறுத்துற எடத்துல சரியா எடுத்துச் சொல்லுது."

சொல்லும்போதே எனக்கு உறைத்தது. அப்படிச் சொல்ல இந்த வீட்டில் இருப்பவளுக்குத்தான் தெரியும்; காலையிலிருந்து போன் எடுக்காதவளும் ஒருத்தி இருந்தாள். திரும்பிப் போனேன். எதிர்வரிசைக் கதிரைகளை நகர்த்தினேன். சுவரோரம், தரை கழுவிய தண்ணீர் வெளியே போகும் துவாரம் இருந்தது. அதில் வாயை வைத்து, "ஜெயந்தியா?" என்றேன்.

"ஓம், நான்தான்."

அந்தக் குழாய் போய் முடிவது சரிவிலிருக்கும் பாழடைந்த தண்ணீர்த் தொட்டியில். காலையில் குறுக்குப் பாதையில் இறங்கியவள், தொட்டியை மூடியிருந்த உக்கிய பலகையில் கால் வைத்து உள்ளே விழுந்திருக்கிறாள். கால் முறிந்துவிட்டது. போன் தண்ணீரில் போய்விட்டது. நான் ஓடிப்போய் அழைத்து வந்த கீழ் வீட்டு நிமல் அண்ணா கயிறு கட்டி இறங்கித் தூக்கும்போது தண்ணீர் அவள் நெஞ்சுவரை ஏறியிருந்தது. அன்றிரவு பெய்த மழையில் அந்தத் தொட்டி நிரம்பி வழிந்தது.

ஆஸ்பத்திரியில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கத்திக் கத்திக் களைச்சுப் போனன். ஒருத்தரையாவது அனுப்பும் ஆண்டவரே எண்டு கெஞ்சினன். மணிச் சத்தம் கேட்டுது. பிறகு உன்ர குரல். கத்தச் சத்தம் வரேல்ல. என்ர வரியையாவது சொல்லுவம் எண்டு சொன்னன்."

அவளும் நானும் படிப்பை விடவில்லை. ஜெபம் வறண்டுபோகும் நாட்கள் இப்போதும் உண்டு. அன்றைக்கும் உட்காருகிறேன், பயமில்லாமல். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

பதிலே இல்லை என்று சோர்ந்திருக்கிறவர்களே, அவரை நம்பி இன்னும் ஒருநாள் ஜெபத்துக்குப் போங்கள். எதிரே யாருமில்லை என்று நான் அழுத அதே நேரத்தில், ஒருத்தி தண்ணீருக்குள் நின்று ஆண்டவரிடம் ஓர் ஆளைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் அவளுக்கு அனுப்பிய ஆள் நான்தான்.