சீதன வீட்டில் ஆடு

ஐம்பதுகளில் ஒரு மாரிகாலம். மருதமுனையில் எங்கள் வளவுக்குள் மூத்த மகளுக்காகக் கட்டிய வீடு ஒன்பதாம் வரிக் கல்லோடு நின்றிருந்தது. மேசன் வராத நாட்களிலும் நான் வரிகளை எண்ணிக் கொப்பியில் எழுதுவேன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீடு இல்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை இல்லை. மூத்தவளுக்குப் பதினான்கு வயது. என் ராத்தாவின், அதாவது அக்காவின், மகனுக்கென்று வாய்ச்சொல்லாக முடிவாகியிருந்தது. அடுத்த பெருநாளுக்குள் சுவர் எழும்பிவிட வேண்டும் என்பதும் அந்தச் சொல்லில் அடக்கம்.

நான் தறிக்காரன். சாரன் நெய்து கிடைப்பதில் கூப்பன் அரிசிக்குப் போக மிஞ்சியதெல்லாம் கல்லாகி வளவில் குவிந்தது. கோழி இட்ட முட்டைகளையும் மனைவி தவிட்டுப் பானையில் சேர்த்துக் கடைக்குக் கொடுத்தாள். அந்த வருடம் எங்கள் வீட்டில் யாரும் முட்டை சாப்பிட்டதாக என் கொப்பியில் இல்லை.

கடைசி மகளுக்கு அப்போது ஒன்றே முக்கால் வயது. வயிற்றில் அடுத்தது தங்கியதும் மனைவி வேப்பெண்ணெய் தடவி அவளைப் பால் மறக்கடித்தாள். அதன் பிறகு பிள்ளைக்குக் கஞ்சித்தண்ணீரும் மரவள்ளிக் கிழங்கும்தான். வாடைக்காற்றில் கரைவலை இறங்காததால் மீனும் இல்லை. கதவுநிலையைப் பிடித்து எழும்பி நின்ற பிள்ளை நிற்பதை விட்டாள். பிறகு தவழ்வதையும் விட்டாள். அழுகையும் குறைந்தது. என்ன அமைதியான பிள்ளை என்று அயலில் புகழ்ந்தார்கள்.

கண்ணூறு என்றாள் மனைவி. தறியிலிருந்து நானே வெள்ளை நூல் அறுத்துக் கொடுத்தேன். பள்ளிவாசல் லெப்பை ஓதி ஊதி, பிள்ளையின் வலது புயத்தில் முடிச்சுப் போட்டுக் கட்டினார். விரலால் இழுத்துப் பார்த்தேன், நழுவவில்லை. அது ஒரு வெள்ளிக்கிழமை. அடுத்த வெள்ளி நூல் முழங்கையில் கிடந்தது. மனைவி அதை மேலே தள்ளிவிட்டாள். அதற்கடுத்த வெள்ளி, பிள்ளை கையைத் தொங்கவிட்டதும் நூல் மணிக்கட்டுக்கு ஓடி வந்தது. ஓதினது பலிக்கவில்லை, இன்னொரு நூல் அறுத்துத் தாருங்கள் என்று மனைவி கேட்டாள். நான் நூலைப் பார்த்தேன். முடிச்சு அப்படியே இருந்தது. நூல் இளகியிருக்கவில்லை. கைதான் இளைத்துப் போயிருந்தது.

பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அப்போத்திக்கரி ஐயா அவளுடைய பாதத்தைப் பெருவிரலால் அழுத்தி, விழுந்த குழியை எனக்குக் காட்டினார். அது உடனே நிரம்பவில்லை. நாளுக்கு ஒரு முட்டை, இரண்டு வேளை பால் கொடுக்க வேண்டும், இன்றைக்கே தொடங்காவிட்டால் பிள்ளை மாரியைத் தாண்டாது என்றார். தாய் எங்கே என்று கேட்டார். வயிற்றில் அடுத்தது இருக்கிறது என்று மாதத்தைச் சொன்னேன். அவளுக்கும் இதையே கொடு, இல்லாவிட்டால் வயிற்றில் இருப்பதையும் இப்படித்தான் தூக்கிக்கொண்டு வருவாய் என்றார்.

கற்குவியலை விற்று ஒரு பால் ஆடு வாங்கலாம் என்று அன்று பின்னேரம் மனைவியிடம் சொன்னேன்.

"மூத்தவட வீட்டை வித்து இவளுக்குப் பால் தீத்தப் போறீங்களா? அவளுக்குப் பொறகு ஆரு வருவான்?"

"இவள் மௌத்தாப் போனா என்ன செய்யிற?"

"உசிரு அல்லாஹ்ட கையில இரிக்கி. கல்லு நம்மட கையிலதானே இரிக்கி" என்றாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நாங்கள் குடியிருந்த வீடும் அப்படி எழும்பியதுதான். அவளுடைய உம்மா வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அதைக் கட்டுவித்து, கூரைக்கு ஓடு ஏறுமுன் பிள்ளைப்பேற்றில் மௌத்தானார். என் மனைவியும் எல்லாரும் சாப்பிட்ட பிறகு பானையில் ஒட்டியிருப்பதை வழித்துத்தான் தின்பாள். அவளுக்கு வேறு வழி தெரியாது. அதுவரை எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

சம்மாந்துறையில் வீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு வயற்காரப் போடியாருக்குக் கற்களை ஏற்றி அனுப்பினேன். திரும்பி வந்த வண்டியில் ஓர் ஆடும் குட்டியும் வந்தன. மழைக்கு அவற்றை நிறுத்த வேறு இடமில்லை. ஒன்பது வரிச் சுவரின் மேல் தென்னங்கிடுகு சார்த்தி உள்ளே கட்டினேன். மனைவி என்னோடு கதைப்பதை விட்டாள்.

நான்காம் நாள் சுவர் பார்க்க ராத்தா வந்தார். கல் குவிந்திருந்த இடத்தைப் பார்த்தார். உள்ளே எட்டி ஆட்டைப் பார்த்தார்.

"ஆட்டுக்கு வீடு கட்டியாச்சு. மாப்பிள்ளையும் பாத்தாச்சா, தம்பி?"

சின்னவள் எழும்பி நடக்கும்வரை கல் வைக்க மாட்டேன் என்றேன்.

"நடக்கட்டும். என்ட மகன் அதுமட்டுக்கும் காத்து நிக்கமாட்டான்" என்றார். வைத்த வெற்றிலையைத் தொடாமல் போனார்.

மூத்தவள் சுவருக்குள் குந்தியிருந்து ஆட்டில் பால் கறந்துகொண்டிருந்தாள். பால் விழும் சத்தம் நின்றது. சற்று நேரம் கழித்து மறுபடி கேட்டது.

முதல் மூன்று நாட்களும் பிள்ளை முட்டையைக் கக்கினாள். நான்காம் நாள் பாதி தங்கியது. நூல் ஒருமுறை கழன்று பாயில் கிடந்தது. எடுத்துத் திரும்பப் போட்டுவிட்டேன். மனைவிக்கென்று தனியாக ஊற்றி வைத்த பாலை அவள் தினமும் பிள்ளைக்கே கொடுத்தாள். குடி என்று நான் சொன்னால் எழுந்து அப்பால் போவாள். பாதத்தைத் தினமும் அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்துகொண்டேயிருந்தது. ஆட்டையும் விற்றுவிட்டுத் திரும்பக் கல் வாங்கலாமா என்று நான் நினைத்த நாளும் உண்டு. அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

பெருநாள் வந்து போனது. ராத்தாவின் மகனுக்கு ஒலுவிலில் பெண் பேசுவதாகச் சொன்னார்கள். சுவரில் பாசி பிடித்தது.

அதற்குப் பின் ஒரு வெள்ளிக்கிழமை மூத்தவள் தங்கைக்குப் பால் பருக்கிக்கொண்டிருந்தாள். பிள்ளை கோப்பையைத் தட்டிவிடக் கையை வீசினாள். நூல் புயத்திலிருந்து இறங்கி முழங்கையில் நின்றது. மூத்தவள் கையைப் பிடித்துக் கீழே தொங்கவிட்டுப் பார்த்தாள். நூல் அதற்குக் கீழே போகவில்லை.

மனைவி நிறைவயிற்றோடு அடுப்படியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்து கோப்பையை வாங்கினாள். அடியில் மிஞ்சியிருந்த பாலை, எங்களுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்று, குடித்தாள்.