மெஹங்கா சிங் கட்டிய இறங்கு விமானம்

"விமானம்தான்டா என் கைக்கு அடங்கணும். எந்த விமானத்துக்கு முன்னாலயும் நான் தலை குனிய மாட்டேன்!"

கோட் தேசா கடைத்தெருவில், தேஸ் ராஜின் மிட்டாய்க்கடை வாசலில் நின்று கொத்தனார் மெஹங்கா சிங் இப்படி முழங்கியதை நான் காதாரக் கேட்டேன். வரலாற்றுச் சிறப்புமிக்க அந்தத் தருணத்தில் ஜிலேபிப் பாகு அவர் தாடியில் வழிந்துகொண்டிருந்தது.

முழங்க அவருக்குத் தகுதி உண்டு. எங்கள் ஊரிலிருந்து கனடா போகிறவன் முதலில் மாடி வீடு கட்டுவான். மாடிக்கு மேல் தண்ணீர்த் தொட்டி. அது விமான வடிவில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அவன் கனடாவில் இருக்கிறானா, லூதியானாவில் மூட்டை தூக்குகிறானா என்று ஊருக்கு எப்படித் தெரியும்? கம்பி வளைத்து, சிமெண்டு பூசி, இறக்கை வைத்து, சன்னல் வரைந்து அத்தனை விமானங்களையும் கட்டியவர் மெஹங்கா சிங்தான். எங்கள் ஆகாயத்தில் தில்லியைவிட நெரிசல் அதிகம். கீழே வீடுகளில் பூட்டு மட்டும் குடியிருந்தது. ஆள் இல்லாததால் தொட்டியில் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாததால், மெஹங்கா சிங் கட்டிய தொட்டி ஒழுகாது என்ற புகழ் மாவட்டமெங்கும் பரவியது.

வெளிநாடு போக ஆசைப்படுகிறவர்கள் எங்கள் குருத்வாராவுக்கு ஒரு பொம்மை விமானம் கொண்டுபோய்ப் புனித நூலின் முன் வைத்து, நெற்றி தரையில் பட வணங்குவார்கள். விசா கிடைத்துவிடும் என்று நம்பிக்கை. மெஹங்கா சிங்கின் முழக்கம் இவர்களைக் குறித்ததுதான். "பிளாஸ்டிக்கு! அதுல ஒரு சொம்புத் தண்ணி நிக்குமா?" என்பார்.

அவருடைய மனைவி பச்சன் கவுரே அப்படி வணங்கியவர். கனடாவில் பிராம்ப்டனில் இருக்கும் மகள் நவ்தீப்புக்குப் பிரசவம். விசா வந்தது.

"ஆறே மாசம்," என்றார் புறப்படும்போது. "ஊறுகா ஜாடிய வெயில்ல வைங்க. எருமையத் திட்டாதீங்க."

"நீ போயிட்டு வா. அதுக்குள்ள எருமைக்கு மரியாதை கத்துக்குடுத்து வைக்கிறேன்."

எருமை கற்றுக்கொண்டது. பச்சன் கவுர் வரவில்லை.

"எப்போ வர்றே?" என்று மெஹங்கா சிங் தொலைபேசியில் கேட்பார்.

"சின்னவனுக்குப் பல்லு முளைக்கட்டும்."

பல் முளைத்த பிறகு மறுபடி கேட்டார்.

"எப்படி வர்றது? நவ்தீப் மறுபடியும் முழுகாம இருக்கா."

"மறுபடியுமா! அந்த ஊர்ல வேற வேலையே கிடையாதா?"

"மெதுவாப் பேசுங்க. மாப்பிள்ளை பக்கத்துலதான் இருக்கார்."

அன்றைக்குத்தான் மெஹங்கா சிங் ஒரு பெரும் உண்மையைக் கண்டுபிடித்தார். ஊரில் அவர் கட்டிய விமானம் எல்லாமே மூக்கைத் தூக்கிக்கொண்டு புறப்படுகிற விமானம். இறங்குகிற விமானம் ஒன்றுகூட இல்லை. பிறகு போனவர்கள் எப்படித் திரும்புவார்கள்? உடனே தன் வீட்டு மாடியில் கம்பி வளைக்க ஆரம்பித்தார். மூக்கு கீழே, வால் மேலே. சக்கரங்களை நீட்டி, நேராகத் தன் வீட்டு முற்றத்தில் வந்து இறங்குவது போல ஒரு விமானம்.

டிராக்டர் மெக்கானிக் பில்லா தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தான். "சித்தப்பா, இது இறங்குதா, விழுதா?"

"சக்கரம் நீட்டியிருக்கு பாருடா முட்டாள். விழுற விமானம் சக்கரத்த நீட்டுமா?"

"எனக்கென்ன தெரியும்? இந்த ஊர்ல எதுவும் இறங்கி நான் பாத்ததில்லையே."

அந்தத் தொட்டியில்தான் மெஹங்கா சிங்கின் வாழ்க்கையில் முதன்முதலாகத் தண்ணீர் நிரப்பப்பட்டது. பாரமெல்லாம் மூக்குக்கு வந்தது. மூக்கு விரிசல் விட்டது. நேர் கீழே முற்றத்தில் பச்சன் கவுரின் கயிற்றுக் கட்டில். அதன்மேல் சொட்டுச் சொட்டாக விழுந்தது. மெஹங்கா சிங் கட்டிலை நகர்த்தவில்லை. வாளியை வைத்தார். வீடியோ அழைப்பில் மனைவிக்குப் பெருமையோடு விமானத்தைக் காட்டினார்.

பச்சன் கவுர் திரைக்குக் கிட்ட வந்து பார்த்தார். "மூக்கு ஒழுகுதுங்க," என்றார். "இங்க சின்னவனுக்கும் அதேதான்."

அந்தக் குளிர்காலத்தில் அவர் பனியில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வீடியோ அழைப்பில் தலையணையும் பாதி முகமும்தான் தெரிந்தன.

"என்னால இனிமே வர முடியாதுங்க. கக்கூசுக்கே ரெண்டு பேர் தாங்கிப் பிடிக்கிறாங்க. நீங்க வந்துடுங்களேன்."

மெஹங்கா சிங் எருமையை விற்றார். ஜலந்தர் போய் ஒரு ஏஜெண்டைப் பிடித்து விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். மறுபடி விண்ணப்பித்தார், மறுபடி அதே பதில். போனால் ஊர் திரும்புவார் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லையாம்.

"நான்! ஊர் திரும்ப மாட்டேனாம்!" என்றார் மிட்டாய்க்கடையில்.

"கடைத்தெருவுல நீங்க முழங்கினதையும் விண்ணப்பத்துல எழுதியிருக்கணும் சித்தப்பா," என்றான் பில்லா.

"எழுதச் சொன்னேன்டா. ஏஜெண்டு சிரிச்சுட்டான்."

அன்று யாரும் சிரிக்கவில்லை. தேஸ் ராஜ் ஒரு ஜிலேபியை எடுத்து நீட்டினார். அது ஆறிப்போகும்வரை மெஹங்கா சிங் கையிலேயே வைத்திருந்தார்.

குருத்வாராவில் செருப்புகளை வாங்கி வைக்கும் சேவை என்னுடையது. ஊரின் உள்ளங்களை அறியாவிட்டாலும் உள்ளங்கால்களை அறிந்தவன் நான். ஒரு நாள் விடிகிற நேரத்தில் சிமெண்டு ஒட்டிய ஒரு ஜோடி என் முன்னால் வந்து நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். மெஹங்கா சிங் சால்வையை மார்போடு இறுக்கிப் பிடித்திருந்தார்.

"உள்ள என்ன, மேஸ்திரி?"

"ரொட்டி."

ரொட்டிக்கு இறக்கை இருந்தது. சால்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ரொட்டிதான் என்று நானும் தலையாட்டினேன்.

வாசல் வழியாகப் பார்த்தேன். அங்கே முன்பே குவிந்திருந்த விமானங்களுக்கு நடுவில் தன்னுடையதையும் வைத்தார். சால்வை அழுத்தியதில் ஒரு இறக்கை வளைந்திருந்தது. மறுபடி எடுத்து, சிமெண்டு பூச்சைத் தடவுவது போலக் கட்டைவிரலால் நீவிச் சரிசெய்து, மூக்கை வாசல் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு முழங்கால்களை மடக்கி, அதன் முன் நெற்றியைத் தரையில் வைத்தார்.

எழுந்திருக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.