தொட்டியில் வளர்ந்த ஆரைக்கீரை

அந்த நாளில் அம்பத்தூரிலிருந்து காலை ரயிலேறிப் பல்கலைக்கழகத்துக்குப் போய்வந்த பெண் தாட்சாயிணி ஒருத்திதான். அதுவும் கைம்பெண். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மாமியார் வேம்புலியம்மாள்தான் எல்லாருக்கும் பதில் சொன்னாள், கேட்டவர்கள் மறுபடி கேட்காத மாதிரி.

தாட்சாயிணிக்குப் பதினாறு வயதில் கல்யாணம். வருஷம் திரும்புவதற்குள் புருஷன் கங்காதரன் விஷக்காய்ச்சலில் போய்விட்டான். பிறந்த வீட்டார் வந்து கூப்பிட்டார்கள். வேம்புலியம்மாள் அனுப்பவில்லை, மூலையில் உட்காரவைக்கவும் இல்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டு, மருமகளைப் பட்டணத்து விடுதியில் சேர்த்துப் படிக்கவைத்தாள். ஏன் என்று கேட்டவர்களிடம், "ரெண்டு பேரும் ஊட்ல மொகத்தை மொகம் பாத்துகினு அழுதுகினு கெடக்கணுமா?" என்றாள்.

பட்டம் வாங்கியவளுக்குப் பல்கலைக்கழகத்துத் தாவரவியல் துறையில் ஆராய்ச்சி செய்ய இடம் கிடைத்தது. ஒரு வருஷம் பார்க்கலாம், அதற்குள் ஏதாவது காட்டினால் மேலே தொடரலாம் என்று சொல்லித்தான் பேராசிரியர் சேர்த்துக்கொண்டார். அவள் எடுத்துக்கொண்டது ஆரைக்கீரை. நாம் கடைந்து சாப்பிடுகிற கீரைதான். தாவரவியல்காரர்கள் கணக்கில் அது பெரணி இனம். பூக்காது. தண்ணீர் வற்றும்போது தண்டின் அடியில் மிளகுபோலக் கெட்டியாகக் காய் கட்டும். ஏரியில் அது தானாக நடக்கும், நாமாகத் தண்ணீரைக் குறைத்து அதை வரவழைக்க முடியுமா என்பதுதான் அவள் கேள்வி. புழக்கடையில் ஒரு மண்தொட்டி வைத்து, ஏரிக்கரைக் கீரையை நட்டு, மாதக்கணக்காகத் தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வந்தாள். திங்கட்கிழமை பேராசிரியரிடம் காட்டவேண்டும். ஏரியோ புதுமழையில் நிரம்பிக் கிடந்தது. இந்தத் தொட்டி போனால் அடுத்த கோடைதான்.

மாமியாரிடம் இதையெல்லாம் அவள் சொல்லவில்லை. சொன்னாலும் புரியாது என்று தானே முடிவு கட்டியிருந்தாள். படித்தவர்களுக்கு இந்த நோய் சீக்கிரம் வந்துவிடுகிறது.

சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது தொட்டியில் வெறும் சேறு இருந்தது. உள்ளே குத்துவிளக்கின் முன்னால் வாழையிலையில் படையல். நடுவில் ஆரைக்கீரைக் கடைசல். வேம்புலியம்மாளின் கண் சிவந்திருந்தது. முகம் மட்டும் மலர்ந்திருந்தது.

"அவனுக்கு உசுரு இந்தக் கீரைன்னா. அவன் போனதுலேர்ந்து இதை நான் கையால தொட்டதில்ல. நீ அவன் திதிக்குன்னே தொட்டி வச்சு வளத்துகினு இருந்திருக்கே. வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னியா நீ?"

அப்போதுதான் தாட்சாயிணிக்கு அன்று என்ன நாள் என்பதே உறைத்தது. வருஷா வருஷம் மறக்காததை இந்த வருஷம் மறந்துவிட்டாள். கீரை போனதைவிட அதுதான் நெஞ்சில் குத்தியது. உட்கார்ந்து சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் போடச் சொல்லி வாங்கிக்கொண்டாள். ருசியாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை.

மறுநாள் விடிந்ததும் எருக்குழிப் பக்கம் போனாள். ஆரைக்கீரையை ஆய்கிறவர்கள் இலையை மட்டும் கிள்ளிக்கொண்டு தண்டையும் வேரையும் எறிந்துவிடுவார்கள். காய் கட்டியிருந்தால் அந்தத் தண்டடியில்தான் இருக்கவேண்டும். குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கிளறினாள்.

சாணிக்கூடையோடு வந்த வேம்புலியம்மாள் பின்னால் நின்றாள்.

"இன்னா தேடறே?"

இனி மறைக்கத் தாட்சாயிணிக்கு மனம் வரவில்லை. தொட்டி எதற்கு, திங்கட்கிழமை என்ன என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"அப்ப அது அவனுக்கு இல்லியா?"

"இல்ல அத்தே. திதியையே மறந்துட்டேன்."

வேம்புலியம்மாள் கூடையை இறக்கிவைத்து, சேலையைச் செருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு தண்டை எடுத்து மண்ணை உதறி, அடியில் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்ததை நகத்தால் தொட்டாள்.

"இதுவா?"

அதுவேதான். தாட்சாயிணிக்கு அழுகை வந்தது.

வேம்புலியம்மாள் அதை மருமகளின் முந்தானையில் போட்டுவிட்டு அடுத்த தண்டை எடுத்தாள்.

"அழாத. மறக்கட்டும்னுதானே உன்னைப் படிக்க அனுப்பினேன். நெனச்சுகினு கெடக்க நான் ஒருத்தி கீறேன் இல்ல."