பழைய நகலில் நல்ல தண்ணீர்

குடிநீர் அலுவலகத்தில் அவளை எல்லோரும் 'அவசரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்ட் வரும்வரை நிற்கப் பொறுக்காமல் படியேறுகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பது?

சோதனைக்கூடத்துக்காரர்கள் ஒவ்வொரு தொட்டியின் அளவீட்டையும் ஒரு கோப்பாக அலுவலகப் பொது டிரைவில் போடுவார்கள். 'ஆர்' என்ற கணினி மொழியில் அவள் எழுதிய நிரல் அவற்றைப் படித்து ஊர் வரைபடத்தில் நிறம் பூசும். பச்சை என்றால் குடிக்கலாம், சிவப்பு என்றால் கூடாது. அந்த டிரைவோ புது மாப்பிள்ளை மாதிரி, தொட்டதற்கெல்லாம் முறுக்கிக்கொள்ளும். நெட்வொர்க் அறுந்தால் நிரல் பாதியில் நின்று புலம்பும். அவளுக்குப் பொறுக்குமா? கோப்புகளைத் தன் கணினியில் நகலெடுத்து வைத்து, 'டிரைவ் கிடைக்காவிட்டால் இதைப் படி, வாயை மூடிக்கொண்டு படி' என்று நிரலுக்குக் கட்டளை எழுதிவிட்டாள். அன்றைக்கு அது கெட்டிக்காரத்தனமாகத்தான் தெரிந்தது.

ஊரின் கிழக்குக் கோடியில் இருந்த அக்கா ஒருநாள் போன் செய்தாள். "தண்ணியில ஒரு மாதிரி வாடை வருதுடி. காய்ச்சிக் குடிக்கணுமா?"

"தினமும் நான்தானேக்கா பாக்கறேன்? உங்க தொட்டி பச்சைப்பசேல்னு இருக்கு. வீணா கேஸை எரிக்காத."

அடுத்த வாரமே அக்கா மகள் வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள். வெளியில் எதையாவது தின்றிருப்பாள் என்று அக்காவைத் தேற்றிவிட்டு அவள் அலுவலகம் திரும்பினாள். சோதனைக்கூடத்துக்காரர் மேஜையருகே காத்திருந்தார்.

"என்னம்மா, கிழக்குத் தொட்டி இன்னுமா பச்சையா இருக்கு? மோசம்னு நாங்க கோப்பு போட்டு நாளாச்சே."

அவள் உடனே நிரலைத் திறந்து பார்த்தாள். பொது டிரைவை வேறு சர்வருக்கு மாற்றியிருந்தார்கள். முகவரி மாறியதைச் சொன்ன மின்னஞ்சலை அவள் திறக்கவேயில்லை. நிரலும் சொன்ன சொல் தட்டாமல், தினமும் அவளுடைய பழைய நகலையே சத்தமில்லாமல் படித்து, கணினிக் கடிகாரத்தைப் பார்த்து வரைபடத்தின் மேலே அன்றைய தேதியைப் போட்டுக்கொண்டிருந்தது. யாருக்குச் சந்தேகம் வரும்?

விஷயத்தைக் கேட்ட அதிகாரி கதவைச் சாத்தினார். "சத்தமில்லாம சரி பண்ணிடும்மா."

சத்தமில்லாமல் செய்ததால் வந்த வினைதானே இது என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "முடியாது சார். தொட்டியை மூடணும், அத்தனை வீட்டுக்கும் சொல்லணும்."

"உன் வேலைக்கு நீயே உலை வச்சுக்கப் போற."

அவள் அங்கேயே நின்றபடி தொட்டிக்காரருக்குப் போன் போட்டு வால்வை அடைக்கச் சொன்னாள். நிரலில் முகவரியைத் திருத்தினாள், அந்தக் கெட்டிக்கார வரிகளை அழித்தாள், கிழக்குப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் எச்சரிக்கை அனுப்பினாள். அக்காவைக் கூப்பிடத்தான் கை வரவில்லை. ஆனாலும் கூப்பிட்டாள், எதையும் மறைக்காமல் சொன்னாள்.

அந்தப் பக்கம் குழந்தை முனகுவது மட்டும் கேட்டது.

"நீ சொன்னேன்னுதான்டி நான் அடுப்பே பத்தவைக்கல," என்றாள் அக்கா. இவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அழுது என்ன ஆகப்போகுது. பிள்ளை தாகமா இருக்குங்கறா. இங்க ஆஸ்பத்திரித் தண்ணியக் குடுக்கலாமா? பாத்துச் சொல்லு."

நிரலை ஓட்டினாள். அதை நம்பாமல் டிரைவுக்குள் போய், ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர் வரும் தொட்டியின் கோப்பைக் கையால் திறந்து, உள்ளே இருந்த தேதியையும் அளவீட்டையும் வரிவரியாகப் படித்தாள். இன்றைய கோப்புதான், பச்சைதான். 'குடுக்கா' என்று சொல்ல வாயெடுத்தாள்.

"காய்ச்சிக் குடுக்கா," என்றாள்.